நம்ம ஏரியா லைப்ரரிக்கு ஒரு வாசகர் வட்டம்: பெங்களூருல இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

பெங்களூருல கிழக்குப் பக்கம் ஒரு சின்ன கிளை நூலகம், ரெண்டு ரூம், முன்னாடி ஒரு வராண்டா, அவ்வளவுதான். அதுக்கு நாங்க ஒம்பது பேர் சேர்ந்து நாலு வருஷமா கூடமாட நிக்கிறோம், அதுல அஞ்சு பேர் தமிழ் வீட்டுக்காரங்க, மூணு பேர் கன்னடக்காரங்க, ஒருத்தர் மலையாளி. அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர்னு எங்கெங்க இருந்தோ ஆளுங்க போன் பண்ணி "எங்க ஏரியாவுலயும் இது மாதிரி பண்ணணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் துண்டு துண்டா சொல்லிட்டு இருந்தேன், எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு இப்ப உக்காந்துட்டேன்.

தமிழ்நாட்டுல வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. ஊர் நூலகத்துல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கும், 1000 ரூபா கட்டினவங்க பேரு புரவலர்னு போர்டுல இருக்கும், நம்ம அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியாரோ அதுல ஒருத்தரா இருந்திருப்பாங்க. அதே பழக்கத்தை இங்க கொண்டு வர்றோம், அவ்வளவுதான். ஆனா இங்க ஊரு வேற, பாஷை வேற, ஆபீஸ் நடைமுறை வேற, அதனால கொஞ்சம் விவரமா தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும்.

முதல்ல, இந்த லைப்ரரி யார் காசுல ஓடுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நம்ம காசுலதான். 1965ல வந்த கர்நாடக பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோட நூலக செஸ், அதாவது வரி மேல போடுற கூடுதல் வரி, வசூல் பண்றாங்க, பெங்களூருல சொத்து வரி மேல 6 சதவீதம். சொந்த வீடு இருக்கிறவங்க வரி கட்டின ரசீதை எடுத்துப் பாருங்க, செஸ்னு ஒரு தொகை இருக்கும், அதுக்குள்ள இதுவும் அடங்கி இருக்கு. வாடகைக்கு இருக்கிறவங்களும் வீட்டு ஓனர் வழியா கட்டிட்டுத்தான் இருக்கோம். மாநகராட்சி வசூல் பண்ணி நூலகத் துறைக்கு அனுப்பணும், அந்தப் பணம் முழுசா வந்து சேர்றது இல்ல, பாக்கி நிக்குதுங்கிறது பல வருஷமா பேப்பர்ல வர்ற சேதி.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நாம ஏதோ தர்மம் பண்றோம்ங்கிற நினைப்புல உள்ள போனா வேலை கெட்டுப் போயிடும். லைப்ரரி நடத்துறது அரசாங்கத்தோட கடமை, அதை நம்ம தோள்ல தூக்கிக்கக் கூடாது. சம்பளம், வாடகை, கட்டடம் இதுக்கெல்லாம் நாம பணம் திரட்ட ஆரம்பிச்சா, "அதான் அவங்க பாத்துக்கிறாங்களே"ன்னு விட்டுடுவாங்க. அவங்க செய்யாம விட்ட சின்னச் சின்ன இடைவெளியை நிரப்புறது, கூடவே அவங்க செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லிக் கேக்குறது, ரெண்டும் சேர்ந்ததுதான் வாசகர் வட்டம்.

ஒரு மாசம் சும்மா போய் உக்காருங்க

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்காதீங்க, லோகோ போடாதீங்க, வசூல் பத்திப் பேசவே பேசாதீங்க. உங்க ஏரியா கிளைக்கு மெம்பர் கார்டு போட்டு, வாரத்துக்கு ரெண்டு நாள், வேற வேற நேரத்துல போய் உக்காந்து பேப்பர் படிங்க. கையில ஒரு சின்ன நோட்டு.

எங்க கிளையில நாங்க பாத்தது இது: காலையில கதவு திறந்த உடனே ரிட்டயர் ஆன பெரியவங்க, பேப்பருக்குப் போட்டி, கன்னட பேப்பர் நாலு பேர் கை மாறும், தமிழ் பேப்பர் ஒண்ணே ஒண்ணு, அதை நடுப்பக்கம் தனியா முன்பக்கம் தனியா பிரிச்சுப் படிப்பாங்க. பத்து மணிக்கு மேல பேங்க் எக்ஸாம், கர்நாடக அரசு வேலைக்கான கேபிஎஸ்சி எழுதுற பசங்க, அவங்க லைப்ரரி புக்கைத் தொடவே மாட்டாங்க, சொந்த நோட்ஸ் கொண்டு வருவாங்க, அவங்களுக்கு வேண்டியது மேஜை, லைட்டு, சத்தம் இல்லாத இடம். பக்கத்து வட்டாரத்துல ஒத்தை ரூம் வீட்டுல அஞ்சு பேரோட இருக்கிற புள்ளைங்களுக்கு அந்த மேஜைதான் படிக்கிற ரூமே. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற குட்டிப் பசங்க எட்டிப் பாப்பாங்க, உக்கார இடம் இல்லாம திரும்பிப் போயிடுவாங்க. பொம்பளைங்க ரொம்பக் குறைச்சல், காரணம் கேட்டா பாத்ரூம் இல்லன்னு ஒரு அக்கா ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க.

இந்த ஒரு மாசம் உக்காராம நாங்க ஆரம்பிச்சிருந்தா நேரா நாவல் வாங்கிப் போட்டிருப்போம்.

லைப்ரரியன்கிட்ட கேளுங்க, என்ன வேணும்னு

எங்க லைப்ரரியன் மேடம் கன்னடக்காரங்க. "மேடம், புக்ஸ் கலெக்ட் பண்ணித் தரலாமா"ன்னு போய் நின்னோம். அவங்க சொன்னது, "புஸ்தக ஆமேலே நோடோணா, மொதலு டியூப் லைட் ஹாக்கிஸ்கொடி." புக்கு அப்புறம் பாக்கலாம், முதல்ல டியூப் லைட் போட்டுக் குடுங்கன்னு அர்த்தம். உள் ரூம்ல நாலு லைட்டுல ரெண்டு எரியல, மழைக்காலத்துல மூணு மணிக்கே இருட்டிடும், பசங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க. எங்க முதல் செலவு ரெண்டு எல்இடி டியூப் லைட்டு, ஒரு எலக்ட்ரீஷியன் கூலி. மறுநாள் போனப்ப உள் ரூம்ல ஆள் நிறைஞ்சு இருந்துச்சு. அந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

லைப்ரரியன்கள் புத்தகத் தானம்னாலே கொஞ்சம் தயங்குவாங்க, அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வர்ற ஒவ்வொரு புக்குக்கும் அக்ஸஷன் ரெஜிஸ்டர்ல ஒரு நம்பர் போட்டு ஏத்தணும், ஏத்திட்டா அது அரசாங்கச் சொத்து, ஸ்டாக் செக்கிங் வரும்போது காணோம்னா பதில் சொல்ல வேண்டியது அவங்க. கிழிஞ்ச புக்கைக்கூட தூக்கிப் போட முடியாது, அதுக்கும் மேல இருந்து அனுமதி வரணும். அதனால நாம ஆசையா கொண்டு போற பத்து மூட்டை, அவங்களுக்குப் பத்து மூட்டை பொறுப்பு.

எங்களுக்கு இது பட்டுத்தான் தெரிஞ்சுது. முதல் வருஷம், யாரையும் கேக்காம ஒரு அபார்ட்மென்ட்ல அறிவிப்பு போட்டோம், ஒரே ஞாயித்துக்கிழமை பதினோரு அட்டைப்பெட்டி சேர்ந்துடுச்சு. பிரிச்சுப் பாத்தா பழைய என்ட்ரன்ஸ் கைடு, யாரும் இப்ப உபயோகிக்காத சாஃப்ட்வேர் புக்கு, பாதி நிரப்பின ஒர்க்புக்கு, கல்யாண ஆல்பத்தோட காலி அட்டைகூட இருந்துச்சு. ஒரு கெட்டி அட்டை நாவலைத் திறந்து உதறினேன், பொடிப்பொடியா கொட்டுது, பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்துல சன்னமா ஓட்டை, லேஸ் துணி மாதிரி, நடுவுல வெள்ளி நிறத்துல ஒரு ராமபாணப் பூச்சி வழுக்கிட்டு ஓடுது. அந்த ஒரு புக்கை லைப்ரரி அலமாரியில வெச்சிருந்தா வரிசையே போயிருக்கும். அந்தப் பெட்டிங்க எங்க வீட்டு ஹால்ல நாலு மாசம் இருந்துச்சு. லைப்ரரிக்குப் போனது மொத்தமா அறுபது புக்கு.

ஆள் சேர்க்கிறது

ஏழு பேர் இருந்தா போதும், அம்பது பேர் வேண்டாம். ஒருத்தர் கணக்கு, ஒருத்தர் லைப்ரரியன்கிட்ட பேச, ஒருத்தர் புக்கு பிரிக்க, ஒருத்தர் குழந்தைங்க நிகழ்ச்சிக்கு, மத்தவங்க எதுக்கும் வர்றவங்க. கணக்கு பாக்கிறவங்களும் செக்ல கையெழுத்து போடுறவங்களும் வேற வேற ஆளா இருக்கட்டும், எவ்வளவு நல்ல நட்பா இருந்தாலும்.

முக்கியமான விஷயம், கன்னடம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சது ரெண்டு பேர் கட்டாயம் வேணும். தமிழ்க் குழுவா போய் "தமிழ் புக்கு வாங்குங்க"ன்னு நிக்காதீங்க. அது எல்லாரோட லைப்ரரி, முதல்ல அங்க வர்றவங்க எல்லாருக்கும் ஆகுற வேலையைச் செய்யுங்க, அப்புறம் தமிழ் அலமாரி தானா வரும். எங்க கிளையில ரெண்டாவது வருஷம் மேடமே கூப்பிட்டு "தமிழ் கேக்குறவங்க நிறைய இருக்காங்க, நல்ல லிஸ்ட் ஒண்ணு போட்டுக் குடுங்க"ன்னு சொன்னாங்க. தமிழ் புக்கு மட்டும்தான் உங்க நோக்கம்னா, அல்சூர் ஏரிக்கிட்ட இருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துலயே நூலகம் இருக்கு, அங்க போய்க் கை குடுக்கலாம், அதுவும் நல்ல வேலைதான்.

லெட்டர்

வாய்ப்பேச்சுல எதையும் ஆரம்பிக்காதீங்க, லைப்ரரியன் மாத்தலாகிப் போனா எல்லாம் போயிடும். உங்க ஜோன் நகர மத்திய நூலகத் துணை இயக்குநருக்குக் கன்னடத்துல ஒரு லெட்டர், ஒரே பக்கம், கிளை லைப்ரரியன் வழியா அனுப்புங்க. நாங்க யாரு, எந்தக் கிளை, வாரத்துல எந்த நாள் எத்தனை மணி நேரம் வருவோம், என்னென்ன பண்ணுவோம், காசு கேக்க மாட்டோம், எந்தப் பொருள் குடுத்தாலும் எழுத்துல ஒப்புதல் வாங்கித்தான் குடுப்போம், இவ்வளவுதான் விஷயம். ஆபீஸ்ல குடுத்து, நம்ம காப்பியில சீல் போட்டு வாங்கிக்கணும். பதில் வரலன்னா நேர்ல போங்க, கோவப்படாம மூணாவது தடவையும் போங்க.

பணம்: எங்க வைக்கிறது, எப்படி வைக்கிறது

உங்க சொந்த ஜிபே நம்பருக்கு வசூல் பண்ணாதீங்க. முதல் ரெண்டு மாசம் சரியா போற மாதிரி இருக்கும், அப்புறம் நம்ம மளிகைக் கணக்கும் லைப்ரரிக் கணக்கும் கலந்துடும், அதோட நம்ம மேல இருக்கிற மதிப்பும் போயிடும். பதிவு பண்ணாத சங்கமா இருந்தாக்கூட தீர்மானம், விதிமுறை, பான் கார்டு குடுத்து குழு பேர்ல பேங்க் கணக்கு திறக்க வழி இருக்கு, மேனேஜரைப் பாத்துப் பேசுங்க. ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம பணம் எடுக்க முடியாதபடி போட்டுடுங்க.

பதிவு பண்ணணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. முதல் வருஷம் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா பதிவு பண்ணிட்டா வருஷா வருஷம் ஆடிட், ஃபைலிங்னு வேலை வந்துடும், ஆளுங்க நிலைச்சு நிக்கிறாங்களான்னு முதல்ல பாக்கணும். அப்புறம் ரெண்டு வழி இருக்கு. கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960ன் கீழ சொசைட்டி, அதுக்கு 18 வயசு தாண்டின ஏழு பேராவது வேணும். இல்லன்னா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பத்திரம் போட்டு டிரஸ்ட். எங்களை மாதிரி எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிற குழுவுக்கு சொசைட்டிதான் பொருத்தம்.

பதிவுக்கு அப்புறம் வருமான வரித் துறைகிட்ட 12ஏ, 80ஜி பதிவு எடுத்தா குடுக்கிறவங்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கிடையாது, இதை முன்னாடியே சொல்லிடுங்க. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறுது, ஆனா பேச்சுல எல்லாரும் 80ஜின்னுதான் சொல்வாங்க, ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடிச்சுக்கோங்க.

அப்புறம் இந்த வெளிநாட்டுப் பணம். அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா "நான் ஐந்நூறு டாலர் அனுப்புறேன்"னு பாசமா சொல்வார். அவர் இந்திய பாஸ்போர்ட்காரரா இருந்தா வாங்கலாம், பேங்க் வழியா. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டார்னா, நம்ம ரத்த சொந்தமாவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இல்லாம ஒரு ரூபா வாங்கக் கூடாது. தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அவர் ஊருக்கு வரும்போது பசங்களுக்குக் கதை சொல்ல வரச் சொல்லுங்க, அது போதும்.

திரட்டுற வழிகள்

மாசச் சந்தாதான் முதுகெலும்பு. ஆளுக்கு 100 ரூபா, முப்பது பேர், மாசம் 3000. இதுலயே ஒரு கிளைக்கு ரெண்டு மூணு பத்திரிகைச் சந்தா, லைட்டு, ஃபேன் ரிப்பேர், பைண்டிங் எல்லாம் நடந்துடும். பெரிய தொகை ஒரே தடவை குடுக்கிறவங்களைவிட மாசா மாசம் நூறு குடுக்கிறவங்க லைப்ரரிக்கு உள்ளயும் வருவாங்க, அதுதான் நமக்கு வேணும்.

அடுத்தது பழைய புக்கு விற்பனை, இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், எங்களுக்குப் பாதிப் பணம் இதுல இருந்துதான் வருது. லைப்ரரிக்கு ஆகாத, ஆனா நல்லா இருக்கிற புக்குங்களை வித்துக் காசாக்குறது. முதல்ல நாலு குவியலா பிரிங்க: லைப்ரரியன் வேணும்னு எழுதிக் குடுத்த லிஸ்ட்ல இருக்கிறது, விக்கிறதுக்கு ஆனது, பழைய பேப்பர் கடைக்கு, பூச்சி அரிச்சது. நாலாவது குவியலை அன்னைக்கே வெளிய அனுப்பிடுங்க, ராத்திரி தங்க விடாதீங்க. விக்கிற புக்கை ஒவ்வொண்ணா உதறி, அட்டையைக் காய்ஞ்ச துணியால துடைச்சு, முதல் பக்கத்துல யாராவது பேரு எழுதி அன்போடன்னு குடுத்திருந்தா குடுத்தவங்களுக்கு ஒரு போன் போட்டு "இது வேணுமா"ன்னு கேளுங்க, ரெண்டு தடவை அப்படி அப்பா எழுதின பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டு அழுதவங்க இருக்காங்க.

விலை மூணே மூணு வைங்க: 20, 50, 100. கலர் ஸ்டிக்கர் ஒட்டிட்டா சில்லறைத் தகராறு இருக்காது. அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இடம் லைப்ரரிக்குள்ள வேண்டாம், அரசாங்கக் கட்டடத்துல விக்கிறதுக்குத் தனி அனுமதி வேணும், அபார்ட்மென்ட் கீழ, கல்யாண மண்டப வாசல், கோயில் பக்கத்து ஹால் எல்லாம் கேட்டா குடுப்பாங்க. காலையில ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும்தான் கூட்டம், சாயங்காலம் பெங்களூர் மழையை நம்பாதீங்க, தார்ப்பாய் ரெண்டு கையில வேணும். கடைசி அரை மணி நேரம் பை நிறைய 100 ரூபான்னு விட்டுட்டா திருப்பித் தூக்கிட்டு வர வேண்டாம். மிச்சம் இருக்கிறதை அவென்யூ ரோடு பழைய புக்கு கடைக்காரங்க வந்து பாத்து எடுத்துப்பாங்க. வந்த பணத்தை அங்கேயே ரெண்டு பேர் எண்ணி, நோட்டுல எழுதி, கையெழுத்து போட்டு, மறுநாள் பேங்க்ல.

எந்த மாசம் பண்றது? நவம்பர்தான். 1ஆம் தேதி கன்னட ராஜ்யோத்சவா, 14ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம், லைப்ரரியே அந்த வாரம் கலகலன்னு இருக்கும். இன்னொண்ணு ஆகஸ்ட் 12, நூலகர் தினம், இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள். சீர்காழியில 1892ல பிறந்து, 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், கடைசிக் காலம் இந்தப் பெங்களூருலதான், 1962ல இங்க நூலகப் பயிற்சி மையம் ஆரம்பிச்சார், 1972ல இங்கேயே காலமானார். மனைவி சாரதா பேரையும் சேர்த்து நூலக அறிவியலுக்கு ஒரு அறக்கட்டளை வெச்சுட்டுப் போனார். அன்னைக்கு நாங்க லைப்ரரியன் மேடத்துக்கும் பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கும் பூ குடுத்து காபி வாங்கிக் குடுப்போம், வசூல் எதுவும் கிடையாது.

பிறந்தநாள் புக்கு திட்டமும் நல்லா ஓடுது. குழந்தை பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் வாங்குற காசுல லிஸ்ட்ல இருந்து ஒரு புக்கு, உள் அட்டையில குழந்தை பேரு. தமிழ் புக்கு வேணும்னா பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்ககிட்ட லிஸ்ட் குடுத்துடுங்க, சென்னைப் புத்தகக் காட்சியில 10 சதவீதம் கழிவு கிடைக்கும்.

கம்பெனிப் பணம் கடைசியா யோசிங்க. கம்பெனிகள் சட்டம் 2013ல கம்பெனிங்க சமூகப் பொறுப்புன்னு (சிஎஸ்ஆர்) செலவு பண்ணக்கூடிய பட்டியல்ல பொது நூலகம் அமைக்கிறதும் இருக்கு, ஆனா அவங்க உங்ககிட்ட குடுக்கணும்னா பதிவு, 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூணு வருஷ அனுபவம் எல்லாம் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இருந்து ஆளுங்களைக் கேளுங்க, சனிக்கிழமை இருபது பேர் வந்து அலமாரி துடைச்சு பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாலே பெரிய விஷயம். கொல்கத்தாவுல 1972ல இருந்து இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் நூலகங்களுக்கு உதவி குடுக்குது, அது பெரும்பாலும் துறை வழியாப் போற விஷயம், லைப்ரரியன்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

குடுக்கும்போது

லைப்ரரியன் கையில ரொக்கம் குடுக்காதீங்க, அவங்களுக்குத்தான் சங்கடம். பொருளா குடுங்க, பில் ஒரிஜினல் நம்ம ஃபைல்ல, காப்பி அவங்களுக்கு, வாங்கிக்கிட்டதா கையெழுத்து. மாசக் கணக்கை ஒரே பக்கத்துல எழுதி சந்தா குடுத்த எல்லாருக்கும் அனுப்புங்க. 40 ரூபா பாச்சை உருண்டை வாங்கினதுகூட அதுல இருக்கணும்.

குழந்தைங்களோட வேலை

சனிக்கிழமை கதை நேரம் வெச்சா பெரியவங்க எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும், எந்தக் குழந்தையோடயும் யாரும் தனியா ஒரு ரூம்ல இருக்கக் கூடாது, அப்பா அம்மா கையெழுத்து இல்லாம சேர்க்கக் கூடாது, போட்டோ எடுத்துப் போடக் கூடாது. இதுல தயவு தாட்சண்யமே வேண்டாம்.

செஸ் பத்திக் கேக்குறது

ஒரு வருஷம் ஆகி, லைப்ரரியில நம்ம மேல நம்பிக்கை வந்ததுக்கு அப்புறம் இது. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி மனு போடலாம், முப்பது நாள்ல பதில் வரணும். கர்நாடகத்துல ஒரு மனுவுல ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள்ள, அதனால நறுக்குன்னு கேளுங்க: இன்ன வருஷம் நூலக செஸ் எவ்வளவு வசூல், எவ்வளவு நூலகத் துறைக்குப் போச்சு. 2025 செப்டம்பர்ல இருந்து பிபிஎம்பிங்கிற பழைய ஒரே மாநகராட்சிக்கு பதிலா ஜிபிஏ, அதாவது கிரேட்டர் பெங்களூரு ஆணையம், அதுக்குக் கீழ அஞ்சு மாநகராட்சி வந்துடுச்சு, உங்க வார்டு எதுல வருதுன்னு பாத்து மனு போடுங்க. மனுவுல கிளை லைப்ரரியன் பேரோ அவங்க சொன்ன எதுவுமோ வரவே கூடாது, அவங்க வேலையில கை வெக்கிற மாதிரி ஆயிடும். கிடைச்ச நம்பரை வெச்சு வார்டு கூட்டத்துலயும் எம்எல்ஏ ஆபீஸ்லயும் பாத்ரூம் கேளுங்க. எங்களுக்கு அது வர ஒண்ணரை வருஷம் ஆச்சு. இப்ப மதியானம் மூணு மணிக்கு மேல பக்கத்துத் தெரு அக்காங்க நாலு பேர் சேர்ந்து வர்றாங்க, வாரப் பத்திரிகை எல்லாம் அவங்க கையிலதான்.

கை மாத்துறது

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பொறுப்பை மாத்திடுங்க, நல்லா போயிட்டு இருந்தாலும். மாத்துற அன்னைக்கு எல்லாரும் உக்காந்து, சீல் போட்ட லெட்டர் ஃபைல், பாஸ்புக், கணக்கு நோட்டு, லைப்ரரியன் கைப்பட எழுதின தேவைப் பட்டியல், இது நாலும் புது ஆள் கையில போகணும், பேங்க்ல கையெழுத்து மாத்த அதே வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வந்துடுங்க.